மெழுகு பிடிக்காத பலகை

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே, படிக்கட்டுச் சந்தில், முப்பது வருடம் பல் கட்டிப் பிழைத்தவன் நான். டாக்டர் இல்லை. பலர் அப்படிக் கூப்பிட்டார்கள், நான் திருத்தவில்லை. பல்லைப் பிடுங்குவது வேறு ஆட்களின் வேலை. பிடுங்கிய இடத்தில் புதிதாக ஒரு வரிசையை உட்கார வைப்பது என் வேலை. இந்தத் தொழிலில் மனிதர்களை மூக்குக்குக் கீழே, தாடைக்கு மேலே மட்டும் பார்த்துப் பழகிவிடும். அந்த இடத்தில் பார்த்தால் யார் மேலும் பெரிய மரியாதை வராது. எஸ்டேட் மானேஜரும் சரி, உருளைக்கிழங்கு மண்டிக்காரரும் சரி, வாயைத் திறந்தால் ஒரே லட்சணம்தான். என் ஏளனம் அங்கேதான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். ரொம்ப காலம் அதை ஒரு தகுதி என்றே வைத்துக்கொண்டிருந்தேன்.

பல் செட் செய்வதில் பாதி வேலை மெழுகு. இது வெளியாட்களுக்குத் தெரியாது. வாயை அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, அதன் மேல் சிவப்பு மெழுகுத் தகட்டை வாட்டி வளைத்து, பற்களை ஒவ்வொன்றாகக் குத்தி நிறுத்த வேண்டும். பிறகு பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஈறைச் செதுக்க வேண்டும். கடைசியாக ஸ்பிரிட் விளக்கின் சுடரை மெழுகின் மேல் ஒரு ஓட்டம் ஓட்டினால் கத்தி பட்ட கோடுகளெல்லாம் மறைந்து, ஈரம் பட்ட ஈறு போலவே மினுங்கும். அந்த ஓட்டம் ஒரு விநாடி கூடினால் பற்கள் சாய்ந்துவிடும். எல்லாம் சரியாக வந்ததும் அப்படியே பிளாஸ்டரில் புதைத்துக் கொதிநீரில் போடுவோம். மெழுகு உருகி வெளியே ஓடும். அது இருந்த குழியில் அக்ரிலிக்கை அடைத்து வேக வைப்போம். வாய்க்குள் போவது அக்ரிலிக், சாக்கடைக்குப் போவது மெழுகு.

எங்கள் கடையில் அந்த மெழுகு வேலை முழுவதையும் செய்தது என் மனைவி. கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதமே கத்தியை எடுத்தவள். நான் ஒரு ஈறைச் செதுக்கும் நேரத்தில் அவள் மூன்று முடிப்பாள், மூன்றும் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். இந்த ஊரில் எத்தனையோ பேர் அவள் செதுக்கிய ஈறோடு சோறு தின்கிறார்கள். ஒருவருக்கும் அது தெரியாது. பெயர்ப்பலகையில் இருந்தது என் பெயர்.

ஒருநாள் கொதிநீர் டப்பாவைப் பார்த்தபடி சொன்னாள்: "பத்தொம்பது வருசமா செய்யறனுங்க. நான் செஞ்சது ஒன்னுகூட அடுத்த நாள் வரைக்கும் இருந்ததில்ல."

"இருந்து என்ன பண்ணப் போகுது? மெழுகு தானே," என்றேன். அன்றைக்கு அதை நல்ல பதில் என்றுதான் நினைத்தேன்.

எழுபதுகளின் கடைசியில் மேல் குன்னூருக்கு ஒரு மாஸ்டர் வந்து சேர்ந்தார். மெட்ராஸில் விளம்பரப் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஏப்ரல் மாத வெயிலிலும் கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருப்பார். எங்கள் ஊரில் குளிருக்குச் சுற்றுபவர்களைவிடக் கலைக்குச் சுற்றுபவர்கள் அதிகம். அவருக்குக் கட்டியிருந்த மேல் பல் செட்டும் மெட்ராஸ் வேலை. பேசும்போது அது ஒரு சொல் பின்தங்கியே வரும். என்னால் அதைத் தவிர வேறு எதையும் கவனிக்க முடியவில்லை.

எஸ்டேட் அதிகாரிகளின் மனைவிமார் சேர்ந்து நடத்திய ஒரு சங்கத்தின் பின்னறையில் அவர் ஓவிய வகுப்பு ஆரம்பித்திருந்தார். சாதாரண ஓவியம் இல்லை, மெழுகு ஓவியம். மெழுகை உருக்கி, நிறப்பொடி கலந்து, சூடாக இருக்கும்போதே பலகையில் தீட்டுவது. அதற்கு மெழுகுக் கத்தியும் ஸ்பிரிட் விளக்கும் வேண்டும் என்று யாரோ சொல்லி என் கடைக்கு வந்தார்.

"சார், எகிப்துல சவப்பெட்டி மேல மெழுகுல முகம் வரைஞ்சிருக்காங்க. ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. கலர் அப்படியே இருக்கு," என்றார். 'இருக்கு' என்று சொன்னபோது அவருடைய மேல் செட் மட்டும் தனியாக ஒரு டக் போட்டது.

மூலையில் ஈறு செதுக்கிக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கினாள். "மெழுகுங்களா? ரெண்டாயிரம் வருசமுங்களா?" என்று கேட்டாள்.

பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கத்திகளையும் விளக்குகளையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொல்லி நான்தான் அவளை அனுப்பினேன். வகுப்பு தொடங்கி மூன்றாவது வாரம் அது. போனவள் சாயங்காலம்தான் வந்தாள். அடுத்த புதன்கிழமையிலிருந்து அவளும் ஒரு மாணவி.

அந்த வகுப்பை நானும் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். சிரிக்கத்தான் போனேன். ஆறு பெண்கள், ஆறு ஏப்ரன், நடுவே மின்சார அடுப்பில் ஒரு தோசைக்கல். கல்லின் மேல் தைல டப்பா மூடிகளில் நிறம் நிறமாக மெழுகு. யோசனை என்னவோ சரியானதுதான். கல் சூடாக இருக்கும்வரை மெழுகு இளகியே இருக்கும். ஆனால் மாஸ்டருக்குச் சூடு என்றால் என்னவென்றே தெரியாது. கல்லைப் புகைய விட்டார். மெழுகு புகைந்தால் அதன் கதை முடிந்தது, நிறமும் கருகும், நெஞ்சும் எரியும். ஆறு பேரும் இருமினார்கள். "அந்தப் புகையை உள்வாங்குங்க, அதுவும் அனுபவம்தான்," என்றார் அவர். அவர்களும் மரியாதையாக இருமினார்கள்.

தூரிகையைக் கூட அவர் யோசித்து வாங்கவில்லை. நைலான் தூரிகை. சூடான மூடியில் முக்கியதும் முனை சுருண்டு உருண்டையாகிவிட்டது. மயிர்த் தூரிகை வேண்டும் என்பது என் கடையில் தரை பெருக்குகிறவளுக்குக் கூடத் தெரியும். மெழுகு கோயம்புத்தூரிலிருந்து வந்தது, பாதிக்குப் பாதி மெழுகுவத்தி மெழுகு கலந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன், உதிர்ந்தது. நல்ல தேன்மெழுகு கீறினால் சுருளும். மலைத்தேன் எடுக்கிறவர்கள் கோத்தகிரிச் சந்தையில் அடையையே கொண்டுவந்து விற்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இவர் கோயம்புத்தூர் மெழுகில் எகிப்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.

என் மனைவி வீட்டுக்கு வந்து தன் வழியில் செய்தாள். சந்தையில் அடைமெழுகு வாங்கினாள். தண்ணீரில் போட்டு உருக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஆற வைத்து, அடியில் படிந்த அழுக்கைச் சுரண்டி எடுத்தாள். மூன்று முறை இப்படிச் செய்ததும் பழுப்பு போய் வெளிர் மஞ்சளானது. வெறும் தேன்மெழுகு மெத்தென்று இருக்கும், விரல் பட்டாலே தடம் விழும். அதைக் கெட்டியாக்க ஒரு பிசின் சேர்க்க வேண்டும். மாஸ்டர் அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவள் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் அந்தப் பிசினுக்கு வெள்ளைக் குங்கிலியம் வாங்கி வந்தாள். அதைத் தூளாக்கி, சிறு தீயில் இளக்கி, எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு கலந்தாள். சாம்பிராணி போட்ட வீடு மாதிரி மணத்தது. நிறத்துக்குத் தரைக்குப் போடும் காவிப்பொடி, ஹார்ட்வேர் கடை மஞ்சள், நீலம், வெள்ளை.

மெழுகில் தீட்டுவதன் சிரமம் இந்த ஊரில்தான் தெரியும். கீழே சமவெளியில் தூரிகையில் எடுத்த மெழுகு நாலு இழுப்பாவது தாங்கும். குன்னூர்க் குளிரில் இரண்டாவது இழுப்பிலேயே உறைந்து கட்டியாகிவிடும். அதனால் பலகையை முதலில் சூடாக்கிக்கொள்ள வேண்டும். தீட்டியதும் அதோடு விடவும் கூடாது. ஒவ்வொரு பூச்சின் மேலும் மறுபடி சூடு காட்டி, அடியில் இருக்கும் பூச்சோடு அதை உருக்கிச் சேர்க்க வேண்டும். பூச்சின் மேல் லேசாக வேர்ப்பது தெரியும். வேர்த்ததும் கையை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும். சூடே காட்டாவிட்டால் பூச்சுகள் அப்பளம் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று சும்மா கிடக்கும். மெழுகு ஓவியம் என்பது மொத்தத்தில் இவ்வளவுதான், வேர்வையைப் பார்க்கத் தெரிவது.

மாஸ்டருக்கு அது வரவில்லை. அவர் படங்களில் நீலமலை உருகித் தேயிலைக்குள் ஓடியது. அதற்கு 'மூடுபனி' என்று பெயர் வைத்தார். என் மனைவிக்கோ பத்தொன்பது வருடமாக இதே வேலை. ஈறுக்கு ஓட்டிய சுடரைப் பலகைக்கு ஓட்டினாள், அவ்வளவுதான் வித்தியாசம். மாஸ்டர் அவள் கையைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாராம். "இந்தக் கை நம்ம கிளாஸ்லயே பெஸ்ட்" என்றாராம். அதை வீட்டில் வந்து சொன்னபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்குப் பிடிக்கவில்லை. இதை இப்போது சுற்றி வளைத்துச் சொல்லி என்ன ஆகப் போகிறது? பிடிக்கவில்லை. அந்தக் கையைப் பத்தொன்பது வருடமாக வைத்திருந்தவன் நான். ஒருநாளும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. டக் டக்கென்று பல் ஆடும் ஒரு ஆள் வந்து மூன்றே வாரத்தில் சொல்லிவிட்டார்.

ஜனவரியில் ஊட்டியில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி, மூன்று நாள் என்று முடிவானது. ஆளுக்கு ஒரு படம். "ஒரே ஒரு படமுங்க. சுவத்துல மூணு நாளைக்கு இருக்கும். அப்புறம் நம்ம ஊட்டுல இருக்கும்," என்றாள். அதற்கு மேல் எதையும் அவள் ஆசைப்படவில்லை. கொதிநீரில் போகாத ஒரு மெழுகு, அவ்வளவுதான்.

படத்துக்குப் பலகை வேண்டும். மற்ற பெண்கள், மாஸ்டர் முதல் வகுப்பில் சொன்னபடி, சுண்ணாம்புப் பொடியும் தச்சர் வச்சிரப் பசையும் கலந்து பூசிய பலகையைக் காசு கொடுத்துச் செய்து வாங்கியிருந்தார்கள். முதல் வகுப்புக்கு இவள் போகவில்லை. தெரிந்த குடோன்காரரிடம் கேட்டு ஒரு உடைந்த டீப்பெட்டியின் பக்கப் பலகையை வாங்கி வந்தாள். உள்பக்கத்து அலுமினியத் தாளை உரித்துவிட்டால் நல்ல ஒட்டுப்பலகை. வெளிப்பக்கம் கறுப்பு மையில் எஸ்டேட் பெயரும் தூளின் ரகமும் எடையும் அடித்திருக்கும். உண்மையில் இதைவிட நல்ல பலகை கிடையாது. வெறும் மரம் மெழுகைக் குடிக்கும், குடித்த மெழுகு மரத்தை விடாது.

அதைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். ஒரு எஸ்டேட் அதிகாரியின் மனைவி அந்தக் கறுப்பு எழுத்தைப் படித்துவிட்டு, "ஓ, டீப்பெட்டி. ஹவ் ஸ்வீட்," என்றாளாம். மற்றவர்கள் சிரித்தார்களாம். அந்தப் பெட்டிகள் லாரி லாரியாக மலையிறங்கித்தான் அவர்கள் வீட்டுக் கம்பளமும் பியானோவும் மேலே ஏறி வந்தன. அது அவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றும்படி அவர்களிடம் எதுவும் இருந்ததும் இல்லை.

அன்று சாயங்காலம் என் மனைவி, தீபாவளிக்கு ஜன்னலுக்கு அடித்த வெள்ளை எனாமல் பெயிண்ட் மிச்சத்தை எடுத்து, அந்தப் பலகையின் முகம் முழுக்க இரண்டு கோட்டிங் அடித்தாள். எழுத்து மறைந்தது. பலகை பீங்கான் மாதிரி வழவழவென்று ஆனது.

நான் கதவருகே நின்று பார்த்தேன். பார்த்த அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் ஒன்றோடு ஒன்று ஒட்டிவிடக் கூடாத இரண்டுக்கு நடுவே வழவழப்பாக ஒரு பூச்சு கொடுப்போம். மெழுகை உருக்கி வடித்த பிறகு வரும் வேலை அது, என் கை வேலை, அவள் பக்கம் வராது. பூச்சு நன்றாக இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் கடைசியில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், சுத்தமாகப் பிரிந்து வரும். எனாமலும் அதே கதைதான். மெழுகு அதற்குள் இறங்காது, மேலே உட்கார்ந்திருக்கும். சூடான அறையில் ஒன்றும் தெரியாது. நல்ல குளிரில் இறுகும்போது ஒரு தட்டுப் போதும்.

"ஏம்புள்ள, அதைச் சுரண்டிப் போடு, வெறும் மரத்துலயே தீட்டு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொல்லவில்லை. பெஸ்ட் கை, கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். மாஸ்டரின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தேன். டீப்பெட்டிக்கு வெட்கப்பட்டாள் அல்லவா, அதற்கும் எனக்கு ஒரு இளப்பம். ஆளாளுக்கு ஒரு இளப்பம் வைத்திருந்தேன், பஞ்சமே இல்லை.

ஒரு வாரத்தில் அவள் என்ன வரைகிறாள் என்று தெரிந்தது. மற்ற ஐந்து பேரும் தேயிலைச் சரிவு, மலை ரயில், தோடர்களின் வீடு. இவள் வரைந்தது எங்கள் கடையின் அலமாரி. ஜன்னலோரமாக நான்கு தட்டு, தட்டு முழுக்கப் பிளாஸ்டர் அச்சுகள். ஊர்க்காரர்களின் வாய்கள். வெள்ளை மேல் வெள்ளை. மெழுகைக் கண்ணாடி மாதிரி மெல்லியதாகப் பூசிச் சேர்த்து, மறுபடி பூசிச் சேர்த்து, பிறகு மெழுகுக் கத்தியால் அங்கங்கே சுரண்டிக் கீழிருக்கும் நீலத்தையும் காவியையும் வெளியே கொண்டு வந்திருந்தாள். காலை ஒன்பது மணிக்கு அந்த ஜன்னலில் விழும் வெளிச்சம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு வாயும் வேறு வேறு. ஒன்று பிடிவாதக்காரனுடையது, ஒன்று தூக்கத்தில் பல் கடிக்கிறவனுடையது, ஒன்று எதையோ சொல்லாமலே விட்டவளுடையது. முப்பது வருடத்தில் நான் அந்த அலமாரியில் தூசியைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

படம் நன்றாக இருந்தது. அதனால்தான் வாயைத் திறப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது. முதல் நாள் சொல்லியிருந்தால் சுரண்ட ஒரு மணி நேரம். இப்போது சொன்னால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாள். தினமும் ஒரு பூச்சு ஏறியது, தினமும் சொல்லாமல் இருப்பதன் விலையும் ஏறியது. நிற்கும், நின்றாலும் நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொழில் தெரிந்தவன் பேசுகிற பேச்சா அது?

டிசம்பரில் ஒருநாள் அவளே கேட்டாள். "ஏனுங்க, ஓரத்துல லேசா எழும்புற மாதிரி இருக்குதுங்க. எதனாலயா இருக்கும்?"

கையில் இருந்த செட்டைப் பாலிஷ் போட்டுக்கொண்டே, "குளிருக்கு இருக்கும். உன்ற மாஸ்டரைப் போய்க் கேளு," என்றேன்.

கேட்டிருக்கிறாள். "மெழுகு மூச்சு விடுதும்மா, விடட்டும்," என்றாராம் அவர். சூடான கரண்டியால் ஓரத்தை ஒற்றி ஒட்டினாள். ஒட்டிக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

கண்காட்சி அன்று விடியற்காலை ஜீப்பில் படங்கள் ஊட்டிக்குப் போயின. புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. மண்டபத்தின் உள்கோடியில் கணப்பு எரிந்தது. அதைச் சுற்றி அதிகாரிகளின் மனைவிமார் படங்கள். பல் கட்டுகிறவன் மனைவியின் படத்துக்குக் கதவுக்குப் பக்கத்துச் சுவர் கிடைத்தது, காற்று நேராக வந்து அடிக்கும் இடம். கீழே ஒட்டிய அட்டையில் 'திருமதி' என்று போட்டு என் பெயரை அச்சடித்திருந்தார்கள். அவள் என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, என் பெயரை அடிக்காமல், அதன் கீழே தன் பெயரை எழுதினாள்.

பதினொரு மணிக்குக் கட்டபெட்டு ஊர்க்காரர் ஒருவர் உள்ளே வந்தார். டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் வாடிக்கையாளர். ஏதோ வேலையாக ஊட்டிக்கு வந்தவர் வாசலில் என்னைப் பார்த்துவிட்டு நுழைந்தார். மற்ற படங்களை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. அலமாரிப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, மூணாவது தட்டுல ஓரமா இருக்கறது என்ற வாயுங்களா?"

"ஆமாங்க, உங்களுதுதானுங்க. கீழ்ப்பக்கம் கொஞ்சம் கோணல் இருக்குதில்லீங்க, அதை விடலீங்க," என்றாள் என் மனைவி.

அவர் தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இத்தன வருசமா கூட இருக்குது, நான் பார்த்ததே இல்லீங்க," என்றார். என் மனைவி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இப்போதாவது அவளைத் தனியாகக் கூப்பிட்டு, படத்தைக் கழற்றிக் கணப்புப் பக்கம் கொண்டுபோய் வை என்று சொல்லியிருக்கலாம். அதற்குக் கூட நேரம் இருந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சிறப்பு விருந்தினர் அம்மாள் வந்தார். கூட்டம் மொத்தமும் கணப்பைச் சுற்றி நின்றது. மாஸ்டர் எகிப்தை ஆரம்பித்தார். சவப்பெட்டி வரை வந்தபோது அந்த அம்மாள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "யாராவது அந்தக் கதவைச் சாத்துங்களேன்," என்றார். இருபது பேர் இருந்தார்கள். ஒருவர் காலும் நகரவில்லை. எல்லோரும் திரும்பி, கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்கள், கதவு சாத்துவதற்கென்றே என்னை அங்கே நிறுத்தி வைத்திருப்பதைப் போல.

ஊட்டிக் கதவுகள் ஈரத்தில் ஊதிப் போயிருக்கும். தோளால் இடித்தால்தான் சட்டத்துக்குள் போகும். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. அந்த இருபது பேரின் சால்வை, ஏப்ரன், எகிப்து எல்லாவற்றின் மேலும் இருந்த எரிச்சலைச் சேர்த்து வைத்துக் கதவை ஓர் இடி இடித்தேன். சுவர் அதிர்ந்தது.

பின்னால் பீங்கான் தட்டு விழுந்து உடைந்தது போல ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே என்னவென்று எனக்குத் தெரியும். பலகை ஆணியில் அப்படியே தொங்கியது, வெள்ளையாக, துடைத்துக் கவிழ்த்த பீங்கான் மாதிரி. ஒரு சொட்டு நிறம் கூட அதில் மிச்சமில்லை. இரண்டு மாத வேலை ஒரே ஏடாகக் கழன்று வந்து தரையில் சில்லு சில்லாகக் கிடந்தது. அவள் பூச்சுகளை அவ்வளவு நன்றாக ஒன்றோடு ஒன்று சேர்த்திருந்தாள், ஒன்று கூடத் தனியாகப் பிரியவில்லை. பிரிந்தது அடியில் மட்டும்தான்.

மாஸ்டர் வந்து பார்த்தார். "மெழுகுக்கு உயிர் இருக்கும்மா. அதோட முடிவை அதுவே எடுத்துக்கும்," என்றார். அந்த நேரத்திலும் அவருடைய மேல் செட் டக்கென்றது, அந்த நேரத்திலும் நான் அதைக் கவனித்தேன். டீப்பெட்டியைப் பார்த்துச் சிரித்த பெண்மணி நிஜமாகவே வருத்தப்பட்டாள், குனிந்து நாலு சில்லு பொறுக்கிக் கொடுத்தாள். நான் குனியவில்லை. என் மனைவி மீதியை முந்தானையில் போட்டு முடிந்துகொண்டாள். அழவில்லை. ஆணியிலிருந்து பலகையை எடுத்து, கை வைத்துத் தடவிப் பார்த்தாள். அந்த வழவழப்பின் மேல் அவள் விரல் போய்ப் போய் வந்தது. பிறகு என்னை ஒருமுறை பார்த்தாள்.

பஸ் ஸ்டாண்டில் குன்னூர் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் பேசினாள்.

"எனாமல் மேல மெழுகு நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். என்னமோ சொல்லவில்லை. "தெரியும்," என்றேன்.

"எப்ப இருந்துங்க?"

"நீ அடிக்கும்போதே."

அவள் அதற்குக் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன், தப்பித்திருப்பேன். அவள் முந்தானை முடிச்சைச் சரி செய்துகொண்டாள்.

"அந்த மனுசனுக்கு ஒன்னுமே தெரியாது, ஒன்னுமே தெரியாதுன்னு தினமும் சொல்லுவீங்க," என்றாள். "தெரியாதவங்க பரவால்லீங்க."

பஸ் வந்ததும் எனக்கு முன்னால் ஏறி, முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் கடைக்கு வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். எட்டரைக்கு வந்தாள், விளக்கைப் பற்ற வைத்தாள், உட்கார்ந்தாள். அன்று கொடுக்க வேண்டிய ஒரு மேல் செட்டை நான் முடித்து, பாலிஷ் போட்டு, தாளில் சுற்றி வைத்திருந்தேன். அவள் அதைப் பிரித்துக் கையில் எடுத்தாள். கீழ் அச்சின் மேல் வைத்து இரண்டு முறை கடிக்க வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினாள்.

"இடது பக்கம் கடி ஒசரமா இருக்குதுங்க. இப்படியே குடுத்தா அவருக்கு வலிக்கும்," என்றாள்.

நான் அதைக் கவனித்திருக்கவில்லை. வாங்கி, ராவிக் கொடுத்தேன்.